ஆயக்கட்டு இல்லாத ஏரி: கொடைக்கானல் ஒருநாள் சுற்றுலா குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

வத்தலகுண்டு தாண்டி வேன் மலையேறத் தொடங்கியதும் கைடு எழுந்து, சீட்டுக் கம்பியில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு பேச ஆரம்பித்தார். "இன்னைக்கு மொத்தம் பன்னெண்டு ஸ்பாட்டு. ஒவ்வொரு எடத்துலயும் எத்தனை நிமிஷம்னு நான் சொல்லுவேன். அந்த டைமுக்கு எல்லாரும் வண்டியில இருக்கணும். ஏரி கடைசியில. போட்டுல போறவங்க அந்தக் காசைத் தனியா எடுத்து வச்சுக்கங்கக்கா."

வேனில் இருந்தவர்கள் சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை பார்க்கும் பெண்கள். மாதாமாதம் சீட்டுக் கட்டி, ஒரு வருஷத்துக்கு மேல் சேர்த்த காசில், ஒரே ஒரு நாளைக்கு மலைக்கு வருகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் புறப்பட்டது. மறுராத்திரி பன்னிரண்டுக்குள் ஊர் போய்ச் சேர்ந்து, விடிந்ததும் ஆபீசுக்குப் போயாக வேண்டும். நண்பர் ஒருவரின் அக்கா அந்தக் குழுவில் இருந்ததால் எனக்கும் கடைசி வரிசையில் ஓர் இடம் கிடைத்தது. கொடைக்கானலுக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன், கூட்டங்களுக்கு, நண்பர்கள் வீட்டுக்கு. 'காட்டப்படுகிற' கொடைக்கானலைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இந்தப் பன்னிரண்டு இடங்களின் பட்டியலை யார் போட்டது? கைடு போடவில்லை. அவருக்கு இன்னொரு கைடு சொல்லிக்கொடுத்திருப்பார். லாட்ஜ் சுவரிலும், வேன் ஸ்டாண்டுப் பலகையிலும், கையடக்கப் புத்தகங்களிலும் சின்னச் சின்ன வித்தியாசத்தோடு இதே பட்டியல்தான் இருக்கிறது. ஆசிரியன் இல்லாத பிரதி என்று நாம் சிறுபத்திரிகைகளில் மாய்ந்து மாய்ந்து எழுதினோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் ஆசிரியன் இல்லை என்பதால் ஒரு பிரதிக்கு வரலாறும் இல்லை என்று ஆகிவிடாது. பட்டியலில் உள்ள பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாலே போதும், உள்ளேயிருந்து ஒரு துரை எட்டிப் பார்க்கிறார்.

*

ஏரியிலிருந்தே தொடங்கலாம்.

சமவெளித் தமிழில் ஏரி, குளம், கண்மாய் எல்லாமே வயலோடு ஒட்டிய சொற்கள். மடை, கலிங்கு, வாய்க்கால், ஆயக்கட்டு என்று ஒரு பெரிய சொல்லடுக்கு அதற்குண்டு. முதல் தண்ணீர் யார் வயலுக்கு, கடைமடை யாருக்கு, மடை திறக்கிற வேலை எந்தச் சாதியின் தலையில், மீன்பாசிக் குத்தகை யார் கையில் என்கிற கேள்விகளோடு சேர்த்துத்தான் நம் ஊர் ஏரியைப் பார்க்க முடியும். கரையில் நின்று அல்லியைப் பார்த்து ரசித்தவர்களே கிடையாது என்று சொல்ல வரவில்லை. பார்ப்பதற்காக மட்டும் ஓர் ஏரியை யாரும் வெட்டவில்லை, அவ்வளவுதான்.

1863-இல் மதுரைக் கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் கொடைக்கானல் பள்ளத்தாக்கின் சதுப்பில் ஓடைகளை மறித்துக் கரை கட்டினார். சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார் என்பார்கள். சுமார் 60 ஏக்கர், சுற்றிவர ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், நட்சத்திர வடிவம். மீன் கொண்டுவந்து விட்டார். தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார். கீழே மதுரைச் சீமையில் கண்மாய்களுக்கெல்லாம் தலைவரான அதே கலெக்டர், மேலே வந்து ஆயக்கட்டே இல்லாத ஓர் ஏரியை உண்டாக்கினார். இதில் பாயும் வயல் கிடையாது, இதற்குத் தீர்வை கிடையாது. பார்க்கலாம், படகு விடலாம், தூண்டில் போடலாம். சரியாகப் பதிமூன்று வருஷம் கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தது. லெவிஞ்ச் ஏரி கட்டியதால் பஞ்சம் வந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது அசட்டுத்தனம். கீழே கண்மாய் வறண்டபோது மேலே பார்வைக்கென்று ஒரு நீர்ப்பரப்பு இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்பதற்குத் தடயம் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே வடமேற்கில் விண்டர்மியர், கிராஸ்மியர், கெஸ்விக் என்று ஏரிக்கரை ஊர்கள் நிறைந்த ஒரு பிரதேசம். 1778-இல் தாமஸ் வெஸ்ட் என்கிற பாதிரியார் அதற்கு ஒரு வழிகாட்டி நூல் போட்டார். எந்த ஏரியை எந்த மேட்டில் நின்று பார்க்க வேண்டும் என்று அதில் இடம் குறித்துக் கொடுத்தார். அந்த இடங்களுக்கு அவர் வைத்த பெயர் 'ஸ்டேஷன்'. நம் கைடு 'ஸ்பாட்டு' என்கிறாரே, அதேதான். அக்காலத்துக் கனவான்கள் சாயம் பூசிய சின்னக் குவிகண்ணாடி ஒன்றைக் கையில் வைத்திருந்தார்கள். ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் விழும் பிம்பத்தை ஓவியம் மாதிரி பார்த்து மகிழ்வார்கள். கோக்கர்ஸ் வாக்கில் பள்ளத்தாக்குக்கு முதுகைத் திருப்பி, போனை உயர்த்திப் பிடித்து நின்ற எங்கள் வேன் பிள்ளைகளைப் பார்த்தபோது எனக்கு அந்த ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னண்ணே, நான் நல்லா இல்லியா?" என்று ஒரு பெண் முறைத்தாள்.

லெவிஞ்சுக்கு முன்னும் பின்னும் வந்தவர்களுடைய கண்ணும் இந்தக் கண்தான். 1821-இல் சர்வே அதிகாரி லெப்டினண்ட் வார்டு வெள்ளகவி கிராமத்திலிருந்து மேலேறி வந்து அளந்தார். 1834-இல் மதுரை சப்-கலெக்டர் ராட்டன் செண்பகனூர்ப் பக்கம் பங்களா கட்டினார். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து வந்து இரண்டு வீடு எழுப்பினார்கள். காய்ச்சலுக்குத் தப்பி வந்த ஊர் என்பதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1872-இல் லெப்டினண்ட் கோக்கர் மலைச்சரிவின் விளிம்போரமாக நடைபாதை வெட்டினார். நடந்துபோய் எங்கும் சேரவேண்டியதில்லை. நடந்தால் போதும், பார்த்தால் போதும். பைன் காடு என்று வேன் நிற்கிறதே, அது 1906-இல் வன அதிகாரி பிரையண்ட் தொடங்கிய நடவு. 1908-இல் அவர் போட்ட தோட்டம்தான் பிரையண்ட் பூங்கா. "நேச்சுரல் ஃபாரஸ்ட்டுக்கா இது" என்று கைடு சொன்னார். பாவம், அவர்மேல் தப்பில்லை. யூகலிப்டஸ், வாட்டில், பைன் மூன்றும் இந்த மலைக்கு அந்நியம். இங்கே இயல்பாக இருந்தது சோலையும் புல்வெளியும். 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலைத்தொடரின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. புல்வெளி எந்தப் பட்டியலிலும் ஸ்பாட்டு இல்லை. அங்கே மரம் இல்லையே, என்ன பார்ப்பது?

குறிஞ்சி ஆண்டவர் கோயிலாவது நம்முடையது என்று நினைத்தேன். அதையும் 1936-இல் கட்டியவர், இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் துணைவியான லீலாவதி அம்மையார், பிறப்பால் வெள்ளைக்காரர். பக்தியில் நமக்கு ஆட்சேபணை இல்லை. சமவெளி எவ்வளவு தொலைவில் இருந்துகொண்டு இந்தப் பட்டியலைப் பார்த்துவந்திருக்கிறது என்பதற்குச் சொல்கிறேன். பட்டியலில் நாம் உண்மையிலேயே பெயர் மாற்றியது ஒன்றே ஒன்று. 'பிசாசின் அடுக்களை' என்று துரைமார் அழைத்த பாறைப் பிளவை 1991-இல் வந்த சினிமாவுக்குப் பிறகு மக்கள் குணா குகை ஆக்கினார்கள். 2024-இல் மலையாளப் படம் ஒன்று வந்ததும் கூட்டம் இரட்டிப்பானது. எங்கள் வேனில் அதற்குத்தான் அதிகக் கைதட்டல்.

*

இவ்வளவு துரைகளும் மேலே எப்படி வந்தார்கள்? 1875-இல் மதுரைக்கு ரயில் வந்த பிறகு அம்மையநாயக்கனூரில் இறங்கினார்கள். இன்றைக்கு அந்த ஸ்டேஷன் பெயர் கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு. தோப்பிலிருந்து குதிரைப் பாதை. துரையும் துரைசானியும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார, சமவெளிக் கூலிகள் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பியானோ, அலமாரி, பீங்கான் எல்லாம் தலைச்சுமை. 1914-இல் வண்டிச்சாலை திறக்கிறவரை இதுதான் நிலைமை. கொடைக்கானலின் முதல் 'பயணிகள்' பட்டியலில் இந்தத் தோள்களைச் சேர்க்க வேண்டும். துரைக்கு முன்னால் ஏரியைப் பார்த்தது டோலியின் முன்கொம்பு பிடித்தவன்தான். அவன் என்ன பார்த்தான் என்று எழுதிவைக்க அவன் கையில் பேனா இல்லை. தவிர, கை வேறு வேலையில் இருந்தது.

மலையிலேயே இருந்தவர்கள்? இங்கே நாம் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். வெள்ளைக்காரன் வருவதற்கு முன் மலை ஒரு பொன்னுலகம் என்று சுற்றுச்சூழல் நண்பர்கள் சிலர் எழுதுகிறார்கள். மலை ஊர்களில் குன்னுவர் நிலம் வைத்திருந்தார்கள். புலையர் அவர்களிடம் அடிமைப் பணியாளராகக் கட்டுண்டு கிடந்ததைக் காலனிய ஆவணங்களே பதிவு செய்திருக்கின்றன. பளியர் காட்டில் கிழங்கும் தேனும் எடுத்து வாழ்ந்தார்கள். காடு ரிசர்வ் ஆனதும் அதே தேன் திருட்டு ஆனது. துரை வந்து அழித்தது ஒரு சமத்துவச் சமூகத்தை அல்ல. ஏற்கெனவே இருந்த படிநிலைக்கு மேல் அவர் தன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். படிநிலை அப்படியே இருக்க, மலை 'யாரும் இல்லாத அழகு' ஆனது. இன்றைய பட்டியலிலும் ஒரு பளியர் குடியிருப்பு, ஒரு புலையர் தெரு கிடையாது. இருந்துவிடக் கூடாது என்பதும் என் ஆசை, மனிதர்களை ஸ்பாட்டாக்கி டிக்கெட் போடுகிற கொடுமையை வேறு இடங்களில் பார்த்தாயிற்று. ஆனால் 'இங்க முன்னாடி யாரு இருந்தாங்க?' என்று எங்கள் வேனில் ஒரு அம்மா கேட்ட கேள்விக்கு, "முன்னாடி ஃபுல்லா காடும்மா, வெள்ளக்காரன்தான் கண்டுபிடிச்சான்" என்று கைடு சொன்ன பதில் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

*

ஏரிக்கு வருகிறேன். 1890-இல் படகுச் சங்கம் ஆரம்பித்தார்கள். அங்கத்தினர்களுக்கான சங்கம். வெளியார், அதாவது பொதுமக்கள், சுற்றுலாக்காரர்கள், காசு கொடுத்துப் படகேறலாம் என்று அந்தச் சங்கம் கதவைத் திறந்தது 1932-இல். நாற்பத்திரண்டு வருஷம். எங்கள் வேன் பெண்கள் மிதிபடகில் ஏறி, ஒருத்தி பயத்தில் கத்த, இன்னொருத்தி அவள் வாயைப் பொத்த, நாலு பேர் சிரிக்கச் சிரிக்க ஏரி நடுவில் வட்டமடித்தார்களே, அந்தக் காட்சியின் வயசு அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் நண்பர்கள் பலரோடு எனக்குக் கருத்து மாறுபாடு. ஒருநாள் சுற்றுலாக்காரர்கள் என்றாலே நம்மில் பலருக்கு ஓர் இளக்காரம் இருக்கிறது. பிளாஸ்டிக் போடுகிறார்கள், சத்தம் போடுகிறார்கள், குடிக்கிறார்கள், இயற்கையை 'உணர' அவர்களுக்குத் தெரியவில்லை. இந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். 1844-இல் விண்டர்மியர் ஏரிக்கு ரயில் போடப் போகிறார்கள் என்றதும் கவி வேர்ட்ஸ்வொர்த் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஆலைத் தொழிலாளிகளைக் கும்பல் கும்பலாக ரயிலில் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கும் பயனில்லை, ஏரிக்கும் கேடு, அழகை ரசிக்கும் பக்குவம் மெல்லத்தான் வரும் என்பது அவர் வாதத்தின் சாரம். சாதாரண மக்களைப் பற்றி அவ்வளவு எழுதிய கவி! ரயில் 1847-இல் ஓடியது. அதற்கு ஆறு வருஷம் முன்பே, 1841 ஜூலை 5 அன்று, தாமஸ் குக் என்கிற மதுவிலக்குப் பிரச்சாரகர் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் ஐந்நூறு பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, ஒரே நாளில் ரயிலில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். ஏற்பாடு செய்த கூட்டுச் சுற்றுலாவின் வரலாறு அங்கிருந்து தொடங்குவதாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். சாராயக்கடைக்குப் போகாமல் வேறு எங்காவது போகட்டும் என்று கூட்டிப்போனது. இந்தக் கதையைக் கைடிடம் சொன்னேன். வண்டியின் பின்பக்கம் இருந்த ஆம்பளைங்க இரண்டு பேரை ஜாடையாகக் காட்டி, "அவங்கள்ட்ட சொல்லுங்க சார்" என்றார்.

குக்கின் வியாபாரம் பிற்பாடு ஏகாதிபத்தியத்தோடு கைகோத்துப் போனது தனிக்கதை. ஆனால் ஒரு தொழிலாளிக்கு ஒரு நாள் ஓய்வும், அந்த ஒரு நாளில் தன் ஊரல்லாத ஓர் இடத்தைப் பார்க்கும் வாய்ப்பும் சும்மா வந்ததல்ல. வேலைநேரத்துக்கான போராட்டங்களில் வந்தது. தீப்பெட்டி ஆபீஸ் பெண்ணுக்கு இன்னும் அது முழுசாக வரவில்லை. அவள் அந்த நாளுக்குக் கூலியிழப்பையும் சேர்த்துச் சீட்டுக் கட்டியிருக்கிறாள். எனவே ஏரிக்கரையில் அவள் சத்தம் போட்டுச் சிரிப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. இப்போது இ-பாஸ் வந்திருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வாரக் கடைசியில் 6,000 வண்டி என்று கணக்கு வைத்தார்கள். மலை தாங்காது என்பது உண்மை, கணக்கு வேண்டியதுதான். கணக்கு வண்டியை எண்ணுகிறது. வேனில் பதினெட்டுப் பேர், காரில் இரண்டு பேர், இரண்டும் அதற்கு ஒன்றேதான். அந்தக் காரில் வருகிறவருக்கு இங்கே சொந்த பங்களாவும் இருந்தால், அதன் தண்ணீர்க் கணக்கை எந்தப் பாஸும் கேட்பதில்லை.

*

பட்டியலில் இல்லாத இடம் ஒன்று. செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலையை ஒட்டி இருக்கிறது. சலேத் மாதா கோயிலுக்கு வருகிற வேன்கள் அந்தச் சாலையில் போய்த் திரும்புகின்றன.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் ஊரில் ஒரு வெப்பமானி ஆலை இருந்தது. செஸ்பரோ-பாண்ட்ஸ் கம்பெனியுடையது. அதை அங்கே மூடி, 1983-இல் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். 1987-இல் யூனிலீவர் கைக்கு மாறி, பிறகு இந்துஸ்தான் லீவர் ஆனது. காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குச்சிக்குள் பாதரசம் அடைக்கும் வேலை. செய்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள், பெண்கள். காய்ச்சலுக்குத் தப்பி ஓடிவந்த அமெரிக்க மிஷன்காரர்களால் ஊரான ஊரில், நூற்றுமுப்பத்தெட்டு வருஷம் கழித்து, அமெரிக்கக் காய்ச்சலை அளக்கும் குச்சி தயாரானது. உற்பத்தி ஏற்றுமதிக்கு. உடைந்த கண்ணாடியும் அதில் ஒட்டிய பாதரசமும் இங்கேயே தங்கின.

2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில், குடியிருப்புகளுக்கும் பள்ளிக்கும் பக்கத்துப் பழைய இரும்புக் கடையில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் திறந்த சாக்குகளில் கிடந்ததை உள்ளூர் மக்களும் சூழல் அமைப்புகளும் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த மாதமே உற்பத்தி நின்றது, ஆலை மறுபடி திறக்கவில்லை. 2003-இல் ஆலை வளாகத்திலிருந்து சுமார் 290 டன் பாதரசக் கழிவைப் பீப்பாய்களில் அடைத்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் உலகிலிருந்து முதல் உலகத்துக்குக் கழிவு திரும்பிப் போன அபூர்வச் சம்பவம். ஏரியின் முதல் படகு ஏறிவந்த தூத்துக்குடி வழியாகவே அதுவும் இறங்கிப் போனது. வேலை பார்த்தவர்கள் சிறுநீரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி, கருச்சிதைவு என்று வரிசையாகச் சொன்னார்கள். ஆலைக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றே கம்பெனி மறுத்துவந்தது. 2015-இல் சென்னைப் பாடகி சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாட்டு உலகெங்கும் ஓடியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்குக் கருணைத் தொகை கொடுக்கக் கம்பெனி உடன்பட்டது. பதினைந்து வருஷம். அதற்குள் செத்துப்போனவர்கள் உண்டு.

ஏரிக்கும் இதற்கும் என்ன? 2006-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறை ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகளுடையது, கொடைக்கானல் ஏரியின் நீர், அடிமண், மீன் மூன்றிலும் பாதரசம் இருப்பதைக் காட்டியது. மலையின் வேறு ஏரிகளான பேரிஜம், கூக்கால் நீரோடும் வண்டலோடும் ஒப்பிட்டு, கொடைக்கானல் ஏரியில் அளவு அதிகம் என்றும், காரணம் ஆலைதான் என்றும் அந்த ஆய்வு சொன்னது. ஆவியாகக் காற்றில் கலந்த பாதரசம் பாசியிலும் மரப்பட்டையிலும்கூடப் படிந்திருந்தது.

ஆயக்கட்டு இல்லாத ஏரி என்று சொன்னேன். ஆயக்கட்டு இருந்திருந்தால் மடையில் யாராவது நின்று, 'எங்க தண்ணியில என்னத்தடா கலந்தீங்க?' என்று சட்டையைப் பிடித்திருப்பார்கள். நம் சமவெளிக் கண்மாய்களையும் சாயப்பட்டறைகள் கெடுத்தன, உண்மை. ஆனால் அங்கே கேள்வி கேட்க ஒரு பாசனக்காரன் இருந்தான். பார்வைக்கென்று உண்டான நீருக்குப் பார்வையாளர்கள்தான் உண்டு. பார்வையாளர் சாயங்காலம் வேனேறிப் போய்விடுகிறார். மேலே இருந்து பார்த்தால் ஏரி அன்றைக்கும் இன்றைக்கும் நீலமாகத்தான் இருக்கிறது. 'அப்பர் லேக் வியூ' என்கிற ஸ்பாட்டில் நின்று நானும் பார்த்தேன்.

ஊட்டி இதற்கு இன்னொரு வகை மாதிரி. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் 1823-25இல் அங்கே ஏரி அமைத்தார், தோடர்களின் மந்துகள் இருந்த நிலத்தில். பிற்பாடு அதன் பெரும்பகுதியை மூடிக் குதிரைப் பந்தயத் திடலும், பிறகு பேருந்து நிலையமும் போட்டார்கள். ஏரியைப் பார்க்கச் சமவெளியிலிருந்து வருகிறவர் பஸ்ஸை விட்டு இறங்கிக் கால் வைப்பதே ஏரியின்மீதுதான், அவருக்கு அது தெரியாது. அங்கும் கைடு சொல்வதில்லை.

*

இன்னொரு இடமும் பட்டியலில் இல்லை. அதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். 1990-களின் நடுவில் கொடைக்கானலில் 'பிளஸண்ட் ஸ்டே' ஓட்டல் விதிகளை மீறி ஏழு தளமாக எழும்பியது. மலைக் கட்டட விதிகளிலிருந்து அதற்கு விலக்குக் கொடுத்து அரசு ஆணை போட்டது. உள்ளூர்ச் சூழல் அமைப்பு வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. அந்த விலக்கு தொடர்பான ஊழல் வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று சிறப்பு நீதிமன்றம் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறை விதித்தது. அன்றைக்கே தருமபுரி இலக்கியம்பட்டியில், கல்விச் சுற்றுலா போய்த் திரும்பிக்கொண்டிருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பேருந்துக்குக் கட்சிக்காரர்கள் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் கருகிச் செத்தார்கள். 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. பேருந்தை எரித்ததற்காகத் தூக்குத் தண்டனை பெற்ற மூவருக்கும் 2016-இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்து, 2018-இல் விடுதலையும் ஆனார்கள்.

ஓர் ஏரி ஊரில் இன்னும் உயரத்தில் நின்று இன்னும் நல்ல 'வியூ' காட்ட எழும்பிய மாடிகள். அந்த மாடிகளுக்காக எரிந்தது ஒரு சுற்றுலாப் பேருந்து. இதற்கு மேல் என்னால் இதை விளக்க முடியவில்லை.

*

மாலையில் வேன் இறங்கியது. கைடுக்கு முப்பது வயது இருக்கும். ஊர் கொடைக்கானலேதான், நாயுடுபுரம் பக்கம். வரும்போது முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதரச ஆலை தெரியுமா என்று கேட்டேன். சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

"எங்க சித்தப்பா அதுலதான் சார் வேலை பார்த்தாரு. எட்டு வருஷம்."

"இப்ப?"

"இல்ல."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவராகவே சொன்னார்: "இதெல்லாம் டூரிஸ்ட்டுக்கிட்ட சொன்னா சீசன்ல யாரு சார் வருவா? ஏஜென்ட்டு என்னைய விட்டுருவானா? இன்னைக்கு ஒருநாள் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்னுதான் அவங்களும் வர்றாங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கு உடனே ஒரு பதிலும் தோன்றவில்லை. ஆனால் பின்சீட்டில் இருந்த நண்பரின் அக்கா கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். "ஏன் தம்பி, அதச் சொன்னா நாங்க வராமப் போயிருவமா? எங்க ஆபீஸ்ல குச்சிக்கு மருந்து முக்குற எடத்துல தீப்பிடிச்சு எத்தன பேரு போயிருக்காங்க. நாங்க என்ன, வேலைக்குப் போகாமயா இருக்கோம்?" என்றார். கைடு ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாக வெள்ளி அருவியில் நிறுத்தினார்கள். பன்னிரண்டில் சேராத இனாம் ஸ்பாட்டு. நூற்றெண்பது அடி உயரத்திலிருந்து விழுகிறது. இ-பாஸ் சரிபார்க்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கூட்டம் எப்போதும் உண்டு. கைடு மைக்கை எடுக்கவில்லை. பிள்ளைகளைப் பாறைப் பக்கம் விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அக்காவிடம் வந்து மெதுவாக, "இது அந்த ஏரித் தண்ணிதான்க்கா. நீங்க போட்டுல போனீங்கல்ல, அது வழிஞ்சுதான் இங்க வந்து விழுகுது" என்றார்.

அக்கா கையிலிருந்த காலி பாட்டிலை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.